செல்லாது

நதியின் இடக்கரையில்
கூரை மாற்றிய நீதிமன்றத்தில் நான் எழுத்தன்.
பெயர் ஜர்ஜீஸ். இருபத்திரண்டு ஆண்டுப் பணி.
மோசுலின் வலக்கரையில் நாங்கள் இருந்த கட்டடம்
இப்போது கம்பி துருத்திய கற்குவியல்.
அங்கிருந்த இரும்பு அலமாரி ஒன்று
எப்படியோ ஆற்றைக் கடந்து வந்து
என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.
சாவி தொலைந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று பதினேழாவது வழக்கு.
நவால், வயது இருபத்தாறு.
பிளாஸ்டிக் உறையிலிருந்து அவள் எடுத்தது
நான்காய் மடித்த மணப்பத்திரம்.
மடிப்புகள் வழியே வெளிச்சம் வருகிறது.
தலைப்பில் அந்தக் கறுப்பு முத்திரை.

நீதிபதி தன்னூன் தொட்டுப் பார்த்தார்,
விரலை மேசை விளிம்பில் துடைத்துக்கொண்டார்.
"இப்படி ஒரு நீதிமன்றம் இருந்ததே இல்லை."

"இருந்தது ஐயா" என்றாள்.
"படியில் என் செருப்பு அறுந்தது.
ஐயாயிரம் தினார் கட்டணம் என்றார்கள்,
பத்தாயிரம் கொடுத்தேன், மீதி தரவில்லை."

வழக்கறிஞர் சிரிப்பை இருமலாக்கினார்.

சட்டத்துக்கு இதில் குழப்பமில்லை.
ஆளத் தகுதியற்றவன் வைத்த முத்திரை
நீர்மேல் எழுத்து.
ஆனால் அந்த மூன்று ஆண்டும்
பிறக்க வேண்டியவர்கள் பிறந்தார்கள்.
செத்தவர்களை நாங்கள்தான் புதைத்தோம்.
ரொட்டிக்கடைக்காரன் எடையில் ஏமாற்றினான்,
பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்குப் போனாள்.
முறையான அரசு திரும்பட்டும் என்று
யாருடைய வயிறும் காத்திருக்கவில்லை.

கணவன்?
"பாலத்தருகே, குண்டு.
யாருடைய குண்டு என்று எழுதச் சொல்லாதீர்கள்."
சாட்சிகள்?
"ஒருவர் அவரோடு. இன்னொருவர் துருக்கியில்,
போனை எடுப்பதில்லை."
பிள்ளை?

பிள்ளை அங்கேதான் இருந்தான். ஐஹம்.
முன்பல் இரண்டும் விழுந்தவன்.
எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால்
பள்ளியில் அவன் விருந்தாளி,
கடைசி பெஞ்சில் உட்காரலாம், தேர்வு கிடையாது.
பத்திரம் செல்லாது, ஆகவே மணம் செல்லாது,
ஆகவே அவனும் செல்லாது.
செல்லாதவன் எழுந்து நேராக டவாலியிடம் சென்று
கழிப்பறை எங்கே என்று கேட்டான்.

நீதிபதி பத்திரத்தை என் பக்கம் திருப்பினார்.
"ஜர்ஜீஸ், இது யார் கையெழுத்து?"

நூன் என்ற எழுத்தின் கிண்ணத்தை
நான் கொஞ்சம் ஆழமாகத் தோண்டுவேன்.
அவருக்குத் தெரியும்.
சற்றுமுன் அவர் சொல்லச் சொல்ல
நான் எழுதிய தாளிலும் அதே ஆழம்.

மூன்று கொடி, ஒரே நாற்காலி.
முதல் ஓராண்டு என் சம்பளம்
பாக்தாதிலிருந்துதான் வந்தது என்று சொல்ல நினைத்தேன்.
எனக்கும் நான்கு வயிறு என்று சொல்ல நினைத்தேன்.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.

"என்னுடையது" என்றேன்.

"அப்படியானால் நீ அந்த அறையில் இருந்தாய்."
"இருந்தேன். அவளுக்கு விக்கல் வந்தது.
சம்மதத்தை இரண்டாம் முறை சொன்னாள்.
மாப்பிள்ளைதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தான்."

நவால் என்னை அப்போதுதான் பார்த்தாள்.

தன்னூன் குரலைத் தாழ்த்தினார்.
அந்த ஆண்டுகளில் அவர் எர்பிலில் அமர்ந்து
கண்ணில் படாத நகரத்துக்குத் தீர்ப்பு எழுதியவர்.
"தாள் எனக்கு உதவாது. ஆள் உதவுவான்.
ஆனால் நீ கூண்டில் ஏறினால்
உன் கோப்பும் திறக்கும். தெரியுமல்லவா?"

பேனாவை மூடினேன்.
சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து
மைத்திண்டின்மேல் வைத்தேன்.
கூண்டுக்கு ஏழு எட்டு.
இத்தனை வருடத்தில் அதை எண்ணியதில்லை.

என் நாற்காலியில் ஒரு பயிற்சிப் பெண் உட்கார்ந்து
என் பெயரைப் பிழையோடு எழுதினாள்.
திருத்தவில்லை.

"இன்னொரு சாட்சி வேண்டும்" என்றார் நீதிபதி.
"துருக்கிக்காரனை மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள்.
வாய்தா, இருபது நாள்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி
உள்ளே வந்த ஐஹம்
அம்மாவின் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"போகலாமா?" என்றான்.